பாட்டு நின்றுபோன மடம்

1178ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ரைன் நதிக்கரையில் இருந்த ஒரு கன்னியர் மடத்தில் பாட்டு நின்றுபோனது. அதுவரை பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை என்று நாள் தவறாமல் கூடிப் பாடிவந்த பெண்கள், கதவுகளை அடைத்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி வேண்டுதல்களை வாய்க்குள்ளேயே சொல்லத் தொடங்கினார்கள். நற்கருணையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மைன்ஸ் நகரத்துத் திருச்சபை அதிகாரிகள் விதித்த தண்டனை அது. தண்டிக்கப்பட்ட மடத்தின் தலைவிக்கு அப்போது வயது எண்பது. அவர் பெயர் ஹில்டெகார்ட்.

பிங்கன் நகரத்து ஹில்டெகார்ட் என்று உலகம் அவரை அறியும். இசை பயில்வோருக்கு அவர் ஓர் இசையமைப்பாளர், மூலிகையில் ஈடுபாடு கொண்டோருக்கு அவர் ஒரு மருத்துவர், கத்தோலிக்கருக்குப் புனிதர், பெண்ணுரிமை பேசுவோருக்கு முன்னோடி. இப்படி ஆளுக்கொரு ஹில்டெகார்ட் இருக்கிறார். அவரைப் பற்றிப் படிக்கப் படிக்க என் மனத்தில் நின்றது இவற்றில் எதுவும் அன்று. அவர் கட்டிய வீடுதான். பெண்கள் கூடி வாழ, கூடி உழைக்க, கூடிப் பாட ஒரு வீடு வேண்டும் என்று நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு பெண் பிடிவாதம் பிடித்தார். மற்றவை பெரும்பாலும் அந்த வீட்டுக்குள் வளர்ந்தவை. தமிழ்மொழிக் கழக மலரில் ஒரு ஜெர்மானியத் துறவிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்துப் படிக்கவும். புதிதாக ஒரு மொழியையே உருவாக்கிப் பார்த்தவர் அவர். அதற்கும் வருகிறேன்.

கான்வென்ட் என்றதும் மலேசியர்களாகிய நமக்குப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். 1852இல் பினாங்கில் வந்திறங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியர் தொடங்கிய பள்ளிகளில் படித்த அம்மாக்களும் அத்தைகளும் நம்மில் பலருக்கு உண்டு. அந்தக் கன்னியர் ஊர் ஊராகச் சென்று பணி செய்பவர்கள். ஹில்டெகார்டு சேர்ந்த மரபு வேறு. அது புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றுவது. தமிழ்க் கத்தோலிக்கர் இவரை ஆசீர்வாதப்பர் என்பார்கள். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அவர், மடத்தில் வாழ்வோருக்காக 73 அத்தியாயங்கள் கொண்ட ஒரு சிறு நூலை எழுதி வைத்தார். ஒருமுறை ஒரு மடத்தில் சேர்ந்தால் சாகும்வரை அங்கேயே நிலைத்திருக்க வேண்டும். தனக்கென்று ஒரு எழுதுகோலைக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. சமையலறை வேலையை வாரத்துக்கு வாரம் முறை மாற்றிச் செய்ய வேண்டும். சாப்பிடும்போது பேச்சு கூடாது. ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே உண்ண வேண்டும். 150 திருப்பாடல்களையும் ஒவ்வொரு வாரமும் பாடி முடித்துவிட வேண்டும். உழைப்புக்கும் படிப்புக்கும் தனித்தனி நேரம் உண்டு. நாளுக்கு இவ்வளவு திராட்சை இரசம் என்ற அளவுகூட அந்நூலில் இருக்கிறது! கடுமையான நூல் என்று எண்ணித்தான் நான் படிக்கத் தொடங்கினேன். ஆனால் நோயாளிக்கும் முதியவருக்கும் சிறுவருக்கும் விதியைத் தளர்த்தச் சொல்லும் இடங்களே அதில் என்னைக் கவர்ந்தன. விடுதி வாழ்க்கை வாழ்ந்த எவருக்கும் அந்த நூலின் அருமை உடனே புரியும்.

ஹில்டெகார்ட் 1098இல் ரைன் பகுதியில் ஓர் உயர்குடியில் பிறந்தார். தந்தை ஹில்டெபெர்ட், தாய் மெக்டில்ட். பத்தாவது பிள்ளை என்று சொல்லப்படுகிறது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது அக்கால வழக்கம்; பத்தாவது பிள்ளையும் அப்படியே கடவுளுக்கு நேர்ந்துவிடப்பட்டாள். 1112ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், டிசிபோடென்பெர்க் என்ற மலையில் இருந்த ஆண் துறவியர் மடத்தை ஒட்டி அமைந்த ஓர் அடைப்பிடத்துக்குள் அவர் அனுப்பப்பட்டார். உடன் சென்றவர் யூட்டா என்ற இருபது வயதுப் பெண். ஹில்டெகார்டுக்குப் பதினான்கு. வீட்டார் முடிவு செய்தார்கள், சிறுமி உள்ளே போனாள். அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

யூட்டாதான் அவருக்கு ஆசிரியை. திருப்பாடல்களைப் படிக்கவும், பத்து நரம்பு யாழை மீட்டிப் பாடவும் கற்றுக் கொடுத்தவர் அவர். அந்தச் சிற்றிடத்தை நாடி வேறு பெண்களும் வந்து சேர, அது மெல்ல ஒரு கன்னியர் மடமாக வளர்ந்தது. 1136இல் யூட்டா இறந்தார். உடலைக் குளிப்பாட்டிய மாணவிகளில் ஹில்டெகார்டும் ஒருவர். யூட்டா தம்மை வருத்திக்கொள்வதற்காக ஆடைக்குள் இரும்புச் சங்கிலி அணிந்திருந்ததும், அது உடலில் தடம் பதித்திருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பிற்காலத்தில் ஹில்டெகார்டு அளவுக்கு மீறிய நோன்பையும் உடல் வதையையும் தொடர்ந்து கண்டித்து எழுதினார். எதிலும் மட்டு வேண்டும் என்பதே அவர் மடத்துப் பெண்களுக்குச் சொன்ன அறிவுரை. அந்தச் சங்கிலியை நேரில் பார்த்த அனுபவம் அதற்குள் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

யூட்டாவுக்குப் பின் பெண்கள் ஹில்டெகார்டையே தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு வயது முதலே அவருக்குக் காட்சிகள் தோன்றி வந்தன. தூக்கத்திலோ மயக்கத்திலோ அல்ல, விழித்திருக்கும்போதே ஒரு பேரொளியைக் கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டு மருத்துவ எழுத்தாளர் சிலர் அதை ஒற்றைத் தலைவலியின் விளைவு என்றார்கள். அப்படியும் இருக்கலாம். தலைவலி உள்ளவர்கள் எத்தனையோ பேர். அதைக் கொண்டு நூல் படைத்தவர் எத்தனை பேர்? 1141இல், தமது 42ஆம் வயதில், கண்டதையும் கேட்டதையும் எழுது என்று தமக்குக் கட்டளை வந்ததாக உணர்ந்து அவர் எழுதத் தொடங்கினார். ஃபோல்மார் என்ற துறவி அவருடைய இலத்தீனைத் திருத்தி உதவினார். ரிச்சார்டிஸ் என்ற இளம் துறவி அருகிருந்து துணை செய்தார். ஸ்கிவியாஸ் என்ற அந்த முதல் நூல் முடியப் பத்தாண்டுகள் ஆயின. நூல் பாதியில் இருக்கும்போதே, 1147, 1148ஆம் ஆண்டுகளில் டிரியர் நகரில் தங்கியிருந்த திருத்தந்தை மூன்றாம் யூஜீனியஸின் கைக்கு அதன் ஒரு பகுதி போய்ச் சேர்ந்தது. அவர் அதைத் திருச்சபைப் பெரியவர்கள் முன்னிலையில் படித்துக் காட்டி, தொடர்ந்து எழுத இசைவும் தந்தார். பெண் போதிக்கக் கூடாது என்று இருந்த காலத்தில், ஒரு பெண்ணின் எழுத்துக்குக் கிடைத்த ஒப்புதல் அது.

பெயர் பரவியது. மடத்தில் சேர வந்த பெண்களும் பெருகினார்கள். அவர்களோடு சீதனமாக நிலமும் பொருளும் வந்தன. ஆனால் அவை ஆண்கள் மடத்தின் கணக்கில் சேர்ந்தன. பெண்களுக்கு இருந்ததோ நெருக்கடியான ஓர் ஒட்டு வீடு. இந்த நிலையில்தான் ஹில்டெகார்டு பெண்களை அழைத்துக்கொண்டு வெளியேறப் போவதாக அறிவித்தார். பிங்கன் அருகே, நாஹே ஆறு ரைனில் கலக்கும் இடத்தில், ரூப்பர்ட்ஸ்பெர்க் என்ற பாழடைந்த குன்று. அங்கே போகும்படி காட்சியில் தமக்குச் சொல்லப்பட்டது என்றார்.

மடாதிபதி கூனோ மறுத்தார். புகழும் வருமானமும் ஒரே நேரத்தில் வெளியேறுவதை யார்தான் விரும்புவார்கள்? ஹில்டெகார்டு படுக்கையில் விழுந்தார். கைகால் அசையவில்லை. கூனோ நேரில் வந்து அவர் தலையைத் தூக்கப் பார்த்தும் முடியவில்லை, பாறைபோல் கனத்துக் கிடந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. நோயா, நடிப்பா, சத்தியாக்கிரகமா என்று நம் காலத்தில் கேட்கத் தோன்றும். நான் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பேன். வாக்குரிமை இல்லாத, சொத்துரிமை இல்லாத, கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தன் உடலை விட்டால் வேறு என்ன ஆயுதம் இருந்தது? அதே வேளையில் இன்னொரு வழியும் திறந்தது. ரிச்சார்டிஸின் தாயார் பெரிய பிரபு குடும்பத்தவர். அவர் மைன்ஸ் பேராயரிடம் பேசினார். பேராயர் இணங்கினார், கூனோவும் வழிவிட்டார். ஹில்டெகார்டு எழுந்து நடந்தார்.

1150ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ இருபது பெண்கள் அந்தக் குன்றுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே இருந்தது ஒரு பழைய சிற்றாலயமும் இடிபாடுகளும்தான். செல்வத்தில் பிறந்து வளர்ந்த பெண்களுக்கு உணவுக்கும் உடைக்கும்கூடத் தட்டுப்பாடு. நல்ல இடத்தை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தோம் என்ற முணுமுணுப்பு உள்ளேயே எழுந்தது. சிலர் விலகியும் போனார்கள். வீடு கட்டிய கதைகளில் இந்தப் பகுதியை நாம் அதிகம் கேட்பதில்லை. 1152இல் புதிய தேவாலயம் நேர்ந்தளிக்கப்பட்டது.

நிலம்? அதைக் கூனோவின் மடம் விடவில்லை. 1155இல் ஹில்டெகார்டு குதிரையேறி டிசிபோடென்பெர்க்குக்கே போனார். அங்கிருந்த துறவியர் சிலர் அவரை அடித்து விரட்டாத குறைதான். கடைசியில் அவர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று செய்தார். பெண்கள் கொண்டுவந்த சொத்தில் பெரும்பகுதியை அவர்களுக்கே விட்டுக்கொடுத்து, மேலும் பணமும் கொடுத்து, எஞ்சியதைத் தகராறில்லாமல் எழுதி வாங்கினார். 1158இல் மைன்ஸ் பேராயர் அர்னோல்டு அதைச் சாசனமாக்கினார். தலைவியைப் பெண்களே தேர்ந்தெடுக்கும் உரிமையும் உறுதியானது. 1163இல் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசாவின் பாதுகாப்புச் சாசனமும் கிடைத்தது. அதே பேரரசர் திருத்தந்தைக்கு எதிராக வேறொருவரை ஏற்படுத்தியபோது ஹில்டெகார்டு அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதத் தயங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ரூப்பர்ட்ஸ்பெர்க்கின் அன்றாட வாழ்க்கை எப்படி இருந்தது? ஹில்டெகார்டின் கடைசி ஆண்டுகளில் அவருக்குச் செயலராக வந்த கிபெர்ட் என்ற துறவி எழுதிய குறிப்புகள் இருக்கின்றன. ஐம்பது பெண்கள் அங்கே வாழ்ந்தார்கள். வேலை நாள்களில் அவரவர்க்குரிய அறைகளில் நூல்களைப் படியெடுத்தார்கள், துணி நெய்தார்கள், கைவினைகள் செய்தார்கள். ஞாயிறன்று வேலை இல்லை, படிப்பும் பாட்டும்தான். வேலை செய்யும் இடங்களுக்கெல்லாம் குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது என்று அவர் வியந்து எழுதியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் குழாய்த் தண்ணீர்! ஒளியைக் கண்ட பெண் தண்ணீர்க் குழாயையும் மறக்கவில்லை என்பது எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த செய்தி.

இந்த மடத்தில்தான் அவருடைய பாடல்கள் பாடப்பட்டன. எழுபதுக்கும் மேற்பட்ட பாடல்கள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. ஒலிப்பதிவுகளும் நிறைய உண்டு. ஒரே ஒரு குரல்வரிதான், கூட்டுச்சுரம் இல்லை. அந்தக் குரல் கீழிருந்து சட்டென்று உயரத்துக்குத் தாவும், ஒரே அசையில் நீண்ட நேரம் சுழலும். கோயிலில் ஓதுவார் பண்ணோடு தேவாரம் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நற்பண்புகளின் ஒழுங்கு என்று பொருள்படும் ஓர் இசைநாடகத்தையும் அவர் எழுதினார். ஓர் ஆன்மா வழிதவறிப் போய், நற்பண்புகளால் மீட்கப்படும் கதை. அதில் எல்லாரும் பாடுவார்கள், பேய் ஒன்றைத் தவிர. பேய்க்குப் பாட வராது, கத்தத்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிக்கு வருகிறேன். ஏறக்குறைய ஆயிரம் புதிய சொற்களை அவர் படைத்தார். கடவுள், வானவர், மனிதர் என்று தொடங்கி உடலின் உறுப்புகள், நோய்கள், உடைகள், கருவிகள், மரங்கள், பூச்சிகள்வரை பெயர்கள். 23 எழுத்துகள் கொண்ட தனி நெடுங்கணக்கும் அதற்கு உண்டு. எதற்காக இதைச் செய்தார் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மடத்துப் பெண்களுக்குள் வழங்கிய மறைமொழி என்பார் உண்டு. கிட்டத்தட்ட எல்லாமே பெயர்ச்சொற்கள் என்பதால் அதைக் கொண்டு உரையாடியிருக்க முடியுமா என்பது ஐயமே. இருக்கும் பொருள்களுக்கெல்லாம் இன்னொரு முறை பெயர் வைத்துப் பார்க்கும் ஆசை, சொல்லாக்கத்தில் இறங்கிய எவருக்கும் தெரிந்த ஆசைதான்.

இயற்கைப் பொருள்களின் மருத்துவக் குணங்கள் பற்றி அவர் எழுதிய நூலில் நமக்குத் தெரிந்த முகங்களும் தென்படுகின்றன. மிளகு, இஞ்சி, பட்டை, கிராம்பு, ஜாதிக்காய் எல்லாம் இருக்கின்றன. நம் வீட்டுச் சமையலறையில் உள்ள லெங்குவாஸின் நெருங்கிய உறவான சிற்றரத்தையை அவர் காய்ச்சலுக்கும் நெஞ்சு வலிக்கும் பரிந்துரைத்திருக்கிறார். ஜாதிக்காய் நம் கிழக்கே மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்த காலம் அது. கடல் கடந்து, பாலைவனம் கடந்து, ரைன் கரையில் ஒரு துறவியின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. பசுமை என்பது அவருக்கு மிகப் பிடித்த சொல். செடியில் இருக்கும் அதே பசுமை உடலிலும் ஆன்மாவிலும் ஓடுகிறது, அது வற்றினால் நோய் என்பது அவர் கொள்கை. அவருடைய மருந்துகளில் பல இன்றைய அறிவியலுக்கு ஒத்துவராதவை. யாரும் அதைப் பார்த்து வைத்தியம் செய்துகொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னதைக் கேட்டால் குறையே இல்லாதவர் என்று தோன்றும். குறை உண்டு. இரண்டைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

ஒன்று, அவர் மடத்தில் உயர்குடிப் பெண்களுக்கு மட்டுமே இடம். ஆண்டெர்நாக் என்ற ஊரில் இருந்த டெங்ஸ்விண்ட் என்ற மடத்தலைவி இதைக் கேட்டுக் கடிதமே எழுதினார். விழா நாள்களில் உங்கள் பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தரையில் புரளும் பட்டு முக்காடும் பொன் முடியும் மோதிரமும் அணிந்து பாடுகிறார்களாமே என்று பணிவான சொற்களில் குத்தினார். இயேசு மீனவர்களைத்தானே தேர்ந்தெடுத்தார், நீங்கள் ஏன் ஏழைகளைச் சேர்ப்பதில்லை என்றும் கேட்டார். அணிகலனுக்கு ஹில்டெகார்டு சொன்ன பதில் அழகானது. கன்னியர் கிறிஸ்துவின் மணமகள்கள், மணமகள் அலங்கரித்துக்கொள்வதில் குற்றமில்லை என்பது அது. இரண்டாம் கேள்விக்கு அவர் சொன்ன பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. மாடு, கழுதை, ஆடு எல்லாவற்றையும் ஒரே தொழுவத்தில் யாரும் அடைப்பதில்லை என்ற பொருளில் பதில் எழுதினார். கடவுளே தரம் பிரித்து வைத்திருக்கிறார் என்பது வாதம். இந்த வாதம் நம் சமூகத்துக்குப் புதிதா என்ன? அவர் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்லவும் வழியில்லை. அதே காலத்தில், அதே ரைன் கரையில், ஒரு பெண் அதைத் தவறு என்று எழுதிக் கேட்டிருக்கிறாரே!

இரண்டாவது, ரிச்சார்டிஸ். நூல் எழுதத் துணை நின்றவள், மகளைப்போல் அன்பு செலுத்தப்பட்டவள். 1151இல் வடக்கே பாசும் என்ற இடத்தில் இருந்த மடம் அவளைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தது. ஹில்டெகார்டு அனுப்ப மறுத்தார். பேராயர் ஆணையிட்டும் மறுத்தார். யாருடைய உதவியால் வீடு கிடைத்ததோ அந்தத் தாயாருக்கும், பிரேமன் நகரப் பேராயராக இருந்த ரிச்சார்டிஸின் அண்ணனுக்கும், திருத்தந்தைக்கும்கூடக் கடிதம் எழுதினார். பதவி ஆசை, குடும்பப் பெருமை என்றெல்லாம் குற்றம் சாட்டினார். தமக்குச் சொந்த வீடு வேண்டும் என்று கூனோவிடம் போராடியவர், இன்னொரு பெண் தனக்கொரு மடம் தேடிப் போனபோது கூனோவாகவே மாறிவிட்டார். ரிச்சார்டிஸ் போய்விட்டாள். 1152 அக்டோபரில் இறந்தும் போனாள். பழைய மடத்தை நினைத்து அழுதாள், திரும்பி வர விரும்பியிருந்தாள் என்று அண்ணன் எழுதியனுப்பினார். ஹில்டெகார்டு அவருக்கு எழுதிய மறுமொழியில் கோபம் இல்லை. துக்கம் மட்டுமே இருந்தது. அளவுக்கு மீறி ஒருத்தியை நேசித்துவிட்டேன் என்று அவர் உணர்ந்திருந்தது கடிதங்களில் தெரிகிறது.

அறுபது வயதுக்குப் பிறகு அவர் பயணங்கள் மேற்கொண்டார். படகிலும் குதிரையிலும் சென்று டிரியர், கொலோன் முதலிய நகரங்களில் பொதுமக்களிடமும் குருக்களிடமும் போதித்தார். குருக்களின் சோம்பலை முகத்துக்கு நேரே கண்டித்தார். 1165இல் ரைனுக்கு மறுகரையில், ஐபிங்கன் என்ற ஊரில், போரில் சிதைந்து கிடந்த ஒரு மடத்தை எடுத்துச் சீர்செய்து முப்பது பெண்களுக்கு இடமளித்தார். வாரத்துக்கு இரு முறை படகில் ஆற்றைக் கடந்து அங்கே போய் வந்தார்.

இப்போது 1178க்குத் திரும்புவோம். திருச்சபையிலிருந்து ஒருமுறை விலக்கி வைக்கப்பட்டிருந்த ஓர் உயர்குடி மனிதர் இறந்தபோது ரூப்பர்ட்ஸ்பெர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். உடலைத் தோண்டி வெளியே எறிய வேண்டும் என்று மைன்ஸ் அதிகாரிகள் ஆணையிட்டார்கள். அவர் சாவதற்கு முன் பாவமன்னிப்புப் பெற்றுத் திருச்சபையோடு ஒப்புரவாகிவிட்டார், அவரைத் தோண்டுவது பெரும்பாவம் என்றார் ஹில்டெகார்டு. கல்லறையை யாரும் அடையாளம் காணாதபடி தம் கைக்கோலாலேயே தடத்தை அழித்தார் என்று சொல்லப்படுகிறது. பாட்டு நிறுத்தப்பட்டது அதற்குத்தான்.

பெனடிக்டின் ஒழுங்கில் வாழும் மடத்தில் பாட்டை நிறுத்துவது நம் பள்ளியில் இசை வகுப்பை நிறுத்துவது போன்றதன்று. ஒரு நாளின் பொழுதுகளையே பாட்டுத்தான் பிரித்துக் காட்டுகிறது. அது நின்றால் நாளே நின்றுவிடும். ஹில்டெகார்டு ஆணைக்குக் கீழ்ப்படிந்தார், பெண்கள் பாடவில்லை. ஆனால் பிணத்தைத் தோண்டவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்த அந்த உறுதியை நான் இன்றும் வியக்கிறேன். மைன்ஸ் அதிகாரிகளுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. ஆதாம் பாவத்துக்கு முன் வானவர்களோடு சேர்ந்து பாடியவன், அந்தக் குரலின் நினைவுதான் நம் இசை என்கிறார். மனிதன் பாடத் தொடங்கியதைக் கண்டு கலங்கியவன் சாத்தான், அவன்தான் இறைப்புகழைக் குலைக்கப் பார்ப்பவன் என்கிறார். தகுந்த காரணம் இல்லாமல் பாடுவோரை ஊமையாக்குபவர்களுக்கு வானுலகில் பாடுவோரோடு இடமிராது என்றும் எச்சரிக்கிறார். நாடகத்தில் பாடத் தெரியாத பேய் நினைவிருக்கிறதா? எண்பது வயதில் அந்தப் பாத்திரத்தை அவர் மைன்ஸ் அதிகாரிகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

கடிதத்தோடு அவர் நிற்கவில்லை. நேரில் மைன்ஸுக்குப் போனார். கொலோன் பேராயர் ஒரு போர்வீரரை அழைத்து வந்தார். இறந்தவரும் தானும் ஒன்றாகவே மன்னிப்புப் பெற்றோம் என்று அவர் சாட்சி சொன்னார். அப்போதும் சிக்கல் தீரவில்லை. இத்தாலியில் இருந்த மைன்ஸ் பேராயருக்கு மறுபடியும் எழுத வேண்டியிருந்தது. 1179 மார்ச் மாதம் தடை நீங்கியது. பெண்கள் மறுபடியும் பாடினார்கள். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 17ஆம் நாள், ஹில்டெகார்டு அந்த மடத்திலேயே இறந்தார்.

அவரைப் புனிதராக அறிவிக்கும் முயற்சி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தொடங்கி முடியாமல் போனது. மக்கள் காத்திருக்கவில்லை, அவர்களுக்கு அவர் முன்பே புனிதர். முறையான அறிவிப்பு 2012இல்தான் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவருக்குத் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பட்டத்தை வழங்கினார். அந்தப் பட்டம் பெற்ற பெண்களில் அவர் நான்காமவர்.

அவர் கட்டிய வீடு மிஞ்சவில்லை. முப்பதாண்டுப் போரில், 1632இல், சுவீடன் நாட்டுப் படையினர் ரூப்பர்ட்ஸ்பெர்க்கை எரித்தார்கள். இடிபாடுகளையும் 1857இல் இரயில் பாதைக்காக வெடி வைத்து அகற்றினார்கள். பெண்கள் ஐபிங்கனில் தொடர்ந்தார்கள்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்கம் அதையும் மூடியது. நூறாண்டு இடைவெளிக்குப் பின், ஐபிங்கன் ஊருக்கு மேலே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு புதிய மடம் எழுந்தது. 1904இல் பிராக் நகரிலிருந்து வந்த பெனடிக்ட் கன்னியர் அங்கே குடியேறினார்கள். 1941 ஜூலையில் ஹிட்லரின் இரகசியக் காவல்துறை அவர்களை விரட்டியது; 1945இல் திரும்பி வந்தார்கள். இன்றும் அவர்கள் திராட்சை பயிரிட்டு இரசம் தயாரிக்கிறார்கள், ஹில்டெகார்டின் நூல்களை ஆராய்ந்து பதிப்பிக்கிறார்கள், குறித்த வேளைகளில் கூடிப் பாடுகிறார்கள்.

ஸ்கிவியாஸ் நூலுக்கு ரூப்பர்ட்ஸ்பெர்க்கில் உருவான, வண்ணப் படங்கள் கொண்ட பழைய கையெழுத்துப் படி ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பாதுகாப்புக்காக டிரெஸ்டன் நகருக்கு அனுப்பப்பட்ட அது 1945இல் காணாமல் போனது. இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனால் 1927க்கும் 1933க்கும் இடையில் ஐபிங்கன் மடத்துக் கன்னியர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து, வண்ணத்துக்கு வண்ணம், தோலில் தம் கையாலேயே படியெடுத்து முடித்திருந்தார்கள். இன்று புத்தகங்களிலும் இசைத்தட்டு உறைகளிலும் ஹில்டெகார்டின் காட்சிகள் என்று நாம் வண்ணத்தில் பார்ப்பவை பெரும்பாலும் அந்தப் படியிலிருந்து எடுத்தவை.